சேர்ந்தவரும் சேர்க்கப்பட்டவரும்: சமூக ஊடகத் தளங்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

சமூக ஊடகச் செயலிகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களுக்கும், எந்த வசதி எப்போது வெளிவர வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் தோழி ஒருத்தி, தூக்கம் பிடிக்காத ஓர் இரவில், தன் மனச்சோர்வைப் பற்றி நாலைந்து வரி எழுதித் தன் கணக்கில் போட்டாள். மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள். காலையில் எழுந்ததும் அழித்துவிடலாமா என்று யோசித்தாள். பத்துப் பதினைந்து பேர் அன்பாகப் பதில் எழுதியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அவள் பெயர், அதே செயலியில் வேறொருவர் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த ஒரு பொதுப் பட்டியலில் இருந்தது. பட்டியலின் தலைப்பு 'மனச்சோர்வை வென்றவர்கள்'.

அதைத் தொடங்கிய பெண் கெட்டவர் அல்லர். அதே நோயோடு மல்லுக்கட்டும் மற்றவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, தான் படித்து நெகிழ்ந்த முப்பது நாற்பது பேரை ஓரிடத்தில் சேர்த்து வைத்தார். அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சேருங்கள் என்று அந்தச் செயலி அவரிடம் சொல்லவும் இல்லை.

என் தோழி அந்த நோயை வெல்லவில்லை. அந்தத் தலைப்பில் அவளை முதலில் சுட்டது அதுதான்.

பதிவு வேறு, பட்டியல் வேறு. பதிவு மறுநாள் கீழே போய்விடும். தேடிப் போனால்தான் கிடைக்கும். கிடைத்தாலும், அவள் எழுதியதை அவள் சொற்களில்தான் படிப்பார்கள். பட்டியல் நின்றுகொண்டே இருக்கும். அதில் அவள் சொன்னது எதுவும் இல்லை. அவள் பெயர், அவள் படம், இரண்டுக்கும் மேலே இன்னொருவர் வைத்த தலைப்பு, அவ்வளவுதான். அது அவள் அலுவலகத்தில் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் இன்னொருவருக்குக் காட்டினார். அடுத்த வாரம் அவளிடம் வரவேண்டிய ஒரு பொறுப்பு வேறொருவருக்குப் போனது. "இந்த நேரத்தில் உங்களுக்கு எதற்குக் கூடுதல் சுமை?" என்று மேலதிகாரி கனிவாகவே சொன்னாராம். அந்தக் கனிவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியேற வழி தேடினாள். பட்டியலை வைத்திருப்பவரை பிளாக் செய்வது ஒன்றுதான் அங்கே இருந்த வழி. அன்போடு தன்னைச் சேர்த்த ஒரு பெண்ணின் முகத்தில் கதவைச் சாத்த அவளுக்கு மனம் வரவில்லை. தனிச்செய்தி அனுப்பிக் கேட்டாள். அந்த நாலு வரியை எழுத இரண்டு நாள் ஆயிற்று. எப்படி எழுதினாலும் நன்றி கெட்டவள் எழுதியதுபோலவே இருந்தது என்றாள். அந்தப் பெண் பதறிப்போய், மன்னிப்புக் கேட்டு, உடனே நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் அதைப் பார்த்து வேறொருவர் தானும் ஒரு பட்டியல் போட்டிருந்தார். அவருக்கு அனுப்பிய செய்திக்கு இன்றுவரை பதில் இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாளில்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

தமிழில் 'சேர்' என்ற ஒரே வினை இரண்டு விதமாக நடக்கும். சேர்ந்தேன் என்றால் நானாகப் போனேன் என்று பொருள். சேர்த்தார்கள் என்றால் போகும் முடிவு என்னுடையது அல்ல. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்போம். 'ந்' இருக்க வேண்டிய இடத்தில் 'த்' வந்தால் போதும், என் விருப்பம் அந்தச் சொல்லிலிருந்தே போய்விடுகிறது. மொழி இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் இந்த வேறுபாடு உங்கள் திரையில் இல்லை. பட்டியலைத் திறக்கும் ஒரு அந்நியருக்குச் சேர்ந்தவரும் சேர்க்கப்பட்டவரும் ஒரே வரிசையில், ஒரே அளவுப் படத்தோடு, 'உறுப்பினர்கள்' என்ற ஒரே சொல்லுக்குக் கீழே தெரிகிறார்கள். இவர் விரும்பித்தான் இங்கே இருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொள்வது இயல்பு. அப்படி நினைக்க வைப்பது உங்கள் வடிவமைப்பு.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பொதுவில் தெரியும் எந்தப் பட்டியலிலும், எந்தக் குழுவிலும், ஒருவரைச் சேர்ப்பது ஒரு கோரிக்கையாக இருக்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகே அவர் பெயர் அங்கே தெரியட்டும். மீதி எல்லாம் இதிலிருந்து பிறக்கும் விவரங்கள்தான்.

கேட்காமல் சேர்ப்பதன் விளைவுகள் உங்கள் துறைக்குப் புதியவை அல்ல. 2010 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் குரூப் வசதியைப் புதுப்பித்தபோது, நண்பர் பட்டியலில் இருக்கும் எவரும் நம்மைக் கேட்காமலே ஒரு குழுவில் சேர்த்துவிடலாம் என்று அமைத்தது. சில நாளிலேயே, தொழில்நுட்பச் செய்தியாளர் ஒருவர், எந்த மனிதரும் தன் பெயரோடு சேர்த்துப் பார்க்க விரும்பாத ஒரு குழுவில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க்கையே சேர்த்துக் காட்டினார். அது ஒரு எச்சரிக்கை மணி. யாருக்கும் பெரிய சேதம் இல்லாமல் முடிந்தது. சேதம் பிறகு வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், தன்பால் ஈர்ப்புள்ள மாணவர்களின் பாடகர் குழு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் அதில் பாடும் இரண்டு மாணவர்களை ஃபேஸ்புக் குழுவில் சேர்த்தார். அவர்கள் சேர்ந்த செய்தி, அவர்கள் யாரிடமிருந்து அதை மறைக்கப் பாடுபட்டார்களோ அந்தத் தந்தைமார் கண்ணுக்கே போய்ச் சேர்ந்தது. 2012-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. அந்த இருவரும் அசட்டையானவர்கள் அல்லர். தங்கள் செட்டிங்ஸைப் பார்த்துப் பார்த்து அமைத்து, தந்தையர் எதைக் காணலாம், எதைக் காணக் கூடாது என்று பிரித்து வைத்திருந்தவர்கள். அத்தனை பூட்டும் அவர்கள் தாமே செய்யும் செயல்களுக்குத்தான் இருந்தது. இன்னொருவர் அவர்களைச் சேர்க்கும் செயலுக்குப் பூட்டே இல்லை.

அங்கேயும் சேர்த்தவர் வாழ்த்தி வரவேற்றுத்தான் சேர்த்தார். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சை எடுத்தாலே, தவறாகப் பயன்படுத்துபவர்களைப் பிடிக்கப் புகார் பொத்தான் இருக்கிறதே என்று பதில் வருகிறது. புகார் பொத்தான் கெட்ட எண்ணத்துக்கான மருந்து. அன்போடு செய்த காரியத்துக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது? 'வெறுப்புப் பேச்சு', 'மோசடி', 'ஆபாசம்' என்று நீளும் அந்தப் பட்டியலில் 'என்னைக் கேட்கவில்லை' என்று ஒரு வரி கிடையாது.

கெட்ட எண்ணத்தோடு நடப்பதும் நிறைய இருக்கிறது. என் எண்ணைக்கூட ஒரு இரவில் முன்பின் தெரியாத யாரோ முதலீட்டு ஆலோசனை என்ற பெயரில் இருநூறு பேர் உள்ள ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். நான் விழித்துப் பார்த்து விலகுவதற்குள் என் தொலைபேசி எண் அந்த இருநூறு பேர் கையிலும் இருந்தது. அடுத்த இரண்டு மாதம் வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. இதை நீட்டவில்லை, உங்களில் பலருக்கே நடந்திருக்கும்.

கேட்பது கடினம், பயனர்களுக்கு எரிச்சலூட்டும் என்பீர்கள். ஆனால் நீங்களே வேறு இடங்களில் அழகாகக் கேட்கிறீர்கள். 2011 ஆகஸ்டில் ஃபேஸ்புக், படங்களில் ஒருவரை டேக் செய்தால், அதாவது அவர் பெயரைக் குறித்தால், அது அவர் பக்கத்தில் தெரியும் முன் அவரே பார்த்து ஒப்புக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2021-ல் இன்ஸ்டாகிராம் இருவர் சேர்ந்து பதிவிடும் கொலாப் வசதியைக் கொண்டுவந்தது. அதில் அழைக்கப்பட்டவர் ஏற்றுக்கொண்டால்தான் அவர் பெயர் பதிவில் வரும். ஒரு புகைப்படத்தின் மேல் என் பெயர் வருவதற்கு என் சம்மதம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நோயின் பெயருக்கோ ஒரு கட்சியின் பெயருக்கோ கீழே என் பெயர் வருவதற்கு மட்டும் ஏன் வேண்டாம்?

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரே செய்தியை ஒரே நேரத்தில் 256 பேர்வரை அனுப்பலாம். ஆனால் அனுப்புபவரின் எண்ணைத் தன் தொடர்புகளில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். கூடவே, பெறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இருபக்க உறவு இருந்தால்தான் செய்தி ஓடும் என்ற எண்ணம் அந்த வசதியின் எலும்பிலேயே இருக்கிறது. அதே செயலியின் குழுக்களில் இது தலைகீழ். என் எண் தெரிந்தால் போதும், யாரும் சேர்க்கலாம் என்பதே வெகுகாலம் நிலைமை. 2019-ல்தான் 'யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம்' என்ற தேர்வு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்தபோது 'யாரும் வேண்டாம்' என்ற தேர்வும் இருந்தது. நவம்பரில் உலகம் முழுக்க விரித்தபோது அதற்குப் பதிலாக 'இவர்களைத் தவிர என் தொடர்புகள்' என்று மாற்றினார்கள். நீங்கள் அனுமதிக்காத ஒருவர் சேர்க்க முயன்றால் அது தனி அழைப்பாக வரும். மூன்று நாளுக்குள் நீங்கள் ஏற்கலாம், அல்லது விட்டுவிடலாம். நல்ல ஏற்பாடு. நான் கேட்பதற்கு மிக அருகில் வந்துவிட்ட ஏற்பாடு.

ஆனால் அந்தத் தேர்வைத் தேடிப் போய் மாற்றாத எல்லோருக்கும் 'எல்லோரும் சேர்க்கலாம்' என்பதே இருக்கிறது. டீஃபால்ட் என்று நீங்கள் சொல்லும் இந்த இடத்தில்தான் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது. செட்டிங்ஸின் மூன்றாவது அடுக்கில் ஒரு கட்டுப்பாட்டை வைத்துவிட்டு, பயனர் கையில் அதிகாரம் இருக்கிறது என்று சொன்னால், அந்த அடுக்குவரை போகத் தெரிந்தவருக்கு மட்டுமே அதிகாரம் கொடுத்ததாக ஆகும். வீட்டில் வயதானவர்களின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். அவர்கள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இன்னொன்று, தொடர்பில் இருப்பதும் சம்மதமும் ஒன்றல்ல. ஒருவர் எண்ணை நான் பதிந்து வைத்திருக்கிறேன் என்றால் அவர் அழைத்தால் எடுப்பேன் என்று பொருள். என்னை எங்கு வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம் என்று பொருள் கிடையாது.

இனி ட்விட்டர், இன்றைய எக்ஸ். 2009-ல் பட்டியல் வசதி வந்தபோது ஒருவர் 20 பட்டியல்கள் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் 500 கணக்குகள். 2013-ல் அது 1,000 பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 5,000 கணக்குகள் என்று உயர்ந்தது. சேர்க்கும் திறன் இப்படிப் பெருகியது. சேர்க்கப்பட்டவருக்கு இருந்த வழிமட்டும் அப்படியே நின்றது: பட்டியலின் உரிமையாளரை பிளாக் செய்தால் வெளியே வரலாம்.

2017 பிப்ரவரியில் அவர்கள் செய்த ஒரு மாற்றத்திலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பட்டியலில் சேர்க்கப்பட்டால் இனி அறிவிப்பு வராது என்று அறிவித்தார்கள். நியாயமான காரணம் ஒன்று இருந்தது. வசைச்சொல்லையே பட்டியலின் பெயராக வைத்து, ஒருவரை அதில் சேர்த்து, அந்த அறிவிப்பையே அவர் முகத்தில் எறிவது ஒரு தாக்குதல் முறையாகிவிட்டிருந்தது. ஆனால் அறிவிப்பை நிறுத்தினால் தாக்குபவர்கள் நிற்க மாட்டார்கள், நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான் என்று தாக்கப்பட்டவர்களே கொதித்தெழுந்தார்கள். யாரோ தங்களைக் குறிவைத்து ஆட்களைத் திரட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வைத்ததே அந்த அறிவிப்புதான். சில மணி நேரத்துக்குள் நிறுவனம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

இரு பக்கமும் உண்மை இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். காலையில் கண் விழித்ததும் ஒரு வசைச்சொல் திரையில் வந்து நிற்பது வேதனை. தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது ஆபத்து. நாள் முழுக்க மணியடித்துக்கொண்டிருக்கும் அறிவிப்பு இதற்குத் தீர்வாகாது. என் பெயர் எந்தெந்தப் பட்டியல்களில் இருக்கிறது, யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்று நான் விரும்பும்போது நானே போய்ப் பார்க்கும் ஒரு பக்கம் வேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் 'என்னை நீக்கு' என்று ஒரு பொத்தான். அதற்கு மேல், சம்மதம் கிடைத்தால்தான் பெயர் தெரியும் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தானாகவே அவிழும். நான் ஒப்புக்கொள்ளும்வரை வசைப் பட்டியலில் என் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாத பட்டியலைப் போட்டு அவர்களுக்கு என்ன லாபம்?

நீக்கு என்பது சத்தமில்லாமல் நடக்க வேண்டும். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பிளாக் என்பது சண்டைக்கு உரிய கருவி. அதைப் பட்டியலிலிருந்து வெளியேறும் வாசலாக வைத்ததால், சண்டை போட விரும்பாத கோடிக்கணக்கானவர்களை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறீர்கள். மேலதிகாரி சேர்த்த பட்டியல், மாமியார் சேர்த்த குழு, பழைய ஆசிரியர் பெருமையோடு வைத்திருக்கும் 'என் மாணவர்கள்' பட்டியல், இதில் யாரை பிளாக் செய்வது? நான் வெளியேறியதை உரக்கச் சொல்லாமல், என் பெயர் மட்டும் அங்கே இல்லாமல் போகட்டும். 2022-ல் வாட்ஸ்அப் இதில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது: குழுவிலிருந்து விலகினால் அட்மின்களுக்கு மட்டுமே தெரியும் என்று மாற்றியது. விலகியவர்களின் பெயரை 60 நாள்வரை குழுவினர் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டையும் விட்டிருந்தால் அந்த அடி முழுமையாகியிருக்கும்.

விலகியவரை மறுபடி சேர்ப்பதையும் தடுக்க வேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றால் அது அந்தப் பட்டியலுக்கு நிரந்தரமான வேண்டாம். மனம் மாறினால் நானே வந்து கேட்கிறேன்.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை வடிவமைப்பவர்கள் எளிதில் மறந்துவிடுவார்கள். 'நல்ல சிறுகதை எழுதுபவர்கள்' என்ற பட்டியலில் சேர நான் சரி என்கிறேன். மூன்று மாதம் கழித்து அதன் தலைப்பு ஒரு வேட்பாளரின் ஆதரவாளர்கள் என்று மாறுகிறது. என் சம்மதம் எதற்கு? முதல் தலைப்புக்கு. தலைப்போ விளக்கமோ மாறினால், பட்டியல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால், பழைய சம்மதங்கள் எல்லாம் அந்த நொடியில் கேள்விக்குறியாகி, மறுபடி கேட்கப்பட வேண்டும். தலைப்பைத் திருத்தும்போதே 'இதை மாற்றினால் 43 பேரிடம் மீண்டும் கேட்கப்படும்' என்று ஒரு வரி காட்டினால் போதும். பெரும்பாலானோர் மாற்ற மாட்டார்கள்.

தரவெல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத பரவலாக்கப்பட்ட தளங்களில் இது தொழில்நுட்ப ரீதியாகவே முடியாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு தளமான ப்ளூஸ்கையில் ஒருவர் உருவாக்கும் பட்டியல், அதில் உள்ள ஒவ்வொரு பெயரோடும், உருவாக்கியவரின் தரவுக் கிடங்கில் இருக்கிறது. அங்கே போய் நான் எதையும் அழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதே தளம் 2024 ஆகஸ்டில், என் பதிவை மேற்கோள் காட்டும் இன்னொருவர் பதிவிலிருந்து என் பதிவைக் கழற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. மேற்கோள் காட்டியவரின் பதிவை அது தொடுவதில்லை. 'இதில் நான் இல்லை' என்று என் கிடங்கில் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. செயலி அந்தக் குறிப்பைப் பார்த்து என் பதிவைக் காட்டாமல் விடுகிறது. இதே முறையைப் பட்டியலுக்கும் கொண்டுவரலாம். என் மறுப்பு என்னிடம் இருக்கட்டும், செயலி அதை மதிக்கட்டும். மேற்கோளுக்கு முடிந்தது பெயருக்கு முடியாதா?

அந்தத் தளத்தில் 2024 ஜூனில் வந்த ஸ்டார்ட்டர் பேக்குகளை, அதாவது புதியவர்கள் பின்தொடர ஒருவர் தொகுத்துத் தரும் கணக்குகளின் பட்டியல்களை, நான் குறை சொல்லவில்லை. புதிதாக வருபவர் வெறுந்திரையைப் பார்த்துத் திகைக்காமல், ஒரே தட்டலில் தன் ஆர்வத்துக்குரியவர்களைக் கண்டுபிடிக்க அவை உதவுகின்றன. எழுதத் தொடங்கி யாரும் கவனிக்காமல் இருந்த எத்தனையோ பேருக்கு வாசகர்களைத் தேடித் தந்திருக்கின்றன. பட்டியல்கள் நல்லவை. நானே சில வைத்திருக்கிறேன். கேட்டுச் சேர்த்தால் அவற்றின் மதிப்பு கூடும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் விரும்பி வந்தவர் என்று வாசகருக்குத் தெரியுமே.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2003 நவம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுவீடனில் தேவாலயத் தொண்டு செய்த ஒரு பெண், தன் வீட்டுக் கணினியில் ஒரு வலைப்பக்கம் அமைத்து, தன்னோடு தொண்டு செய்த 18 பேரைப் பற்றி எழுதினார். பெயர்கள், அவர்கள் செய்யும் வேலை, பொழுதுபோக்கு, சிலரின் தொலைபேசி எண். ஒருவருக்குக் காலில் அடிபட்டு அரைநாள் வேலை செய்கிறார் என்பதும் இருந்தது. அவர்களிடம் கேட்கவில்லை. சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார். இவரும் நல்லெண்ணத்தோடு செய்தவர்தான். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதை வீட்டளவிலான சொந்தக் காரியமாகக் கொள்ள முடியாது என்றும், கால் காயம் உடல்நலத் தகவல் என்றும் நீதிமன்றம் சொன்னது. என் தோழியின் பட்டியலோடு இதை வைத்துப் பாருங்கள். தலைப்பே உடல்நலத் தகவல்.

2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுப்பது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. முன்பே டிக் செய்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்று அதே நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. மௌனமும் சம்மதமாகாது. ஆனால் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் எனக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள உறவைப் பற்றியே பேசுகின்றன. ஒரு பயனர் இன்னொரு பயனரைத் தூக்கி ஓரிடத்தில் வைக்கும்போது, 'அது பயனர் செய்தது' என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பொத்தானைச் செய்து கொடுத்தது யார் என்ற கேள்வியை நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நீதிமன்றம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாப் பட்டியலுக்கும் சம்மதம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும் தனிப் பட்டியலுக்கு யார் சம்மதமும் தேவையில்லை. அது என் குறிப்பேடு. மாஸ்டடான் என்ற இன்னொரு பரவலாக்கப்பட்ட தளத்தில் பட்டியல்கள் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தன, வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும்படி. அமைச்சர்கள், அரசுத் துறைகள், தேர்தலில் நிற்பவர்கள் ஆகியோரின் அலுவல் கணக்குகளைப் பத்திரிகையாளர்களும் குடிமக்களும் பொதுவில் பட்டியலிடலாம், இடவேண்டும். பொதுப் பதவி வேண்டும் என்று கேட்டு வந்தவர், பொதுமக்கள் பார்வை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது தற்காப்புப் பட்டியல்கள்தான். இணையத்தில் துரத்தப்படுபவர்கள், குறிப்பாகப் பெண்கள், துரத்துபவர்களின் கணக்குகளைத் தொகுத்து ஒருவருக்கொருவர் கொடுத்து மொத்தமாகத் தடுக்கிறார்கள். 2015-ல் ட்விட்டர் தடைப்பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தபோது அது பலருக்கு மூச்சுவிடும் இடமாக இருந்தது. துரத்துபவனிடம் 'உன்னைப் பட்டியலில் சேர்க்கட்டுமா' என்று கேட்கச் சொல்வது கொடுமை. அவனுக்கு அறிவிப்புப் போனால் அது அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே இவற்றுக்குச் சம்மதம் கேட்கக் கூடாது. ஆனால் இவை தடுப்பதற்கு மட்டுமே பயன்படட்டும். உள்ளே இருக்கும் பெயர்கள் படங்களோடு வரிசையாக யாருக்கும் காட்சிக்கு இருக்க வேண்டாம். அந்தப் பட்டியலைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டவருக்குத் தடுப்பு வேலை செய்தால் போதாதா? குற்றம்சாட்டும் தலைப்போடு பொதுவில் பெயர்களைக் காட்ட விரும்புபவர் இருந்தால், அங்கே தவறாகச் சேர்க்கப்பட்டவர் முறையிட, இயந்திரமாக இல்லாமல் ஒரு மனிதர் பார்க்கும் வழி இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு அந்தப் பட்டியல் எழுதப்பட்ட மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழில் 'நல்லவங்க' என்ற ஒரு சொல்லை வாழ்த்தாகவும் வைக்கலாம், வசையாகவும் வைக்கலாம். எது என்று அறிய மொழிபெயர்ப்புக் கருவி போதாது.

மின்னஞ்சலில் இந்தப் போர் ஏற்கெனவே நடந்து முடிந்தது. வேண்டாத மடல்களிலிருந்து விலக ஒரே தட்டல் போதும் என்ற தொழில்நுட்ப வரையறை 2017-லேயே வந்துவிட்டது. ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக விளம்பர மடல் அனுப்புபவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 2024-ல். ஏழு ஆண்டு இடைவெளி. வழி தெரியாததால் அந்த ஏழு ஆண்டு போகவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாததால் போயிற்று.

உங்களிடம் இருக்கும் கவலையும் எனக்குப் புரிகிறது. கேட்டுச் சேர்த்தால் பட்டியல்கள் மெதுவாக வளரும். குழுக்கள் சிறிதாக இருக்கும். 'இந்தக் காலாண்டில் இத்தனை பேர் சேர்ந்தார்கள்' என்ற எண் குறையும். அந்த எண்ணில் எத்தனை பேர் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டவர்கள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பிரிவினை உங்கள் தரவுத்தளத்தில் இருக்கும். எங்கள் யாரிடமும் இல்லை. அதை வெளியிடுங்கள் என்றும் கேட்கிறேன்.

அடுத்த முறை நீங்கள் கூடி, 'சேர்' என்ற பொத்தானை எங்கே வைப்பது, என்ன நிறத்தில் வைப்பது என்று பேசும்போது, அந்தப் பொத்தானுக்கு மறுமுனையில் இருப்பவரின் திரையையும் பக்கத்தில் வரைந்து வையுங்கள். 'இன்னார் உங்களை இந்தத் தலைப்பில் சேர்க்க விரும்புகிறார். சரி / வேண்டாம்.' அதில் 'வேண்டாம்' என்பது 'சரி'யைப் போலவே பெரிதாக, அதே நிறத்தில் இருக்கட்டும். பதில் சொல்லாமல் விட்டால் அதுவும் வேண்டாம் என்றே கொள்ளப்படட்டும்.

என் தோழி இப்போது தன் கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறாள். அந்த இரவில் எழுதிய பதிவையும் அழித்துவிட்டாள். அதற்கு அன்பாக வந்த பதில்களும் அதோடு போயின. இரண்டாவது பட்டியல் அங்கேயே இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன், அவள் பெயர் மேலிருந்து ஆறாவது.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்து,
உங்கள் பயனர்களில் ஒருத்தி